கையெழுத்து மட்டும் அவருடையது

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு ‘பிரேக்’ என்று பேர். வயதில் சின்னவர்கள் நாங்கள் மரியாதைக்கு ஓர் அண்ணனைச் சேர்த்துக்கொள்வோம். கதவு மூடவில்லை என்று கூப்பிட்டாலும் சரி, உள்ளே விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டாலும் சரி, கட்டடத்துக்குப் போனதும் மனிதர் நேரே மாடிக்கு ஏறி, மோட்டார் அறையைத் திறந்து, பிரேக்கைத்தான் முதலில் பார்ப்பார். வேலை முடிந்து கையெல்லாம் துடைத்த பிறகு இன்னொரு தடவை ஏறிப் போய்ப் பார்ப்பார். "விளக்கு இல்லைன்னா இருட்டுல இறங்கிப் போவாங்க. பிரேக் இல்லைன்னா எப்படி இறங்குவாங்க, சொல்லு" என்பார். முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்காது. அதனாலேயே எங்களுக்குச் சிரிப்பு வரும்.

நான் அவருக்கு ஜோடி. அவர் மேலே மோட்டார் அறையில் இருந்தால் நான் கீழே லிஃப்ட் இறங்குகிற குழியில் இருப்பேன். குழியில் நிற்கிறவன் தலைக்கு மேல் அத்தனை எடையும் தொங்கும். அது இறங்குவதும் நிற்பதும் மேலே இருக்கிறவர் கையில். வேறு யாரோடாவது வேலைக்குப் போனால் நிமிஷத்துக்கு ஒரு தரம் அண்ணாந்து பார்ப்பேன். அவரோடு போனால் பார்க்கவே மாட்டேன். அவரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இத்தனைக்கும் அவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில். கேட்டால், "வீட்டுக்குப் போயும் அதோட முகத்துலயே முழிக்கணுமா?" என்பார். இரண்டு அறை, ஒரு சமையலறை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்கள். அந்த வீட்டில் சத்தம் என்றால் அது அண்ணியின் சத்தம்தான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், போர்வையும் படுக்கை விரிப்பும் வெளுக்கிற பிரிவில், காலமெல்லாம் வேலை பார்த்தவர் அண்ணி. மிஷின் இரைச்சலுக்கு நடுவில் பேசிப் பேசிப் பழகியதால் ரகசியம் சொன்னாலும் கீழ் வீட்டுக்குக் கேட்கும். "உங்க அண்ணன் வீட்டுக்குள்ள பேசவே மாட்டார். அவர் பங்கையும் சேத்து நான்தான் பேசியாகணும்" என்று நான் போகும்போதெல்லாம் சொல்வார்.

ஓய்வு பெற்ற மறு வருஷமே அண்ணிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. கூடவே பேச்சும் போயிற்று. ‘வா’, ‘போதும்’, ‘குட்டி’ என்று நாலைந்து சொல் மட்டும் எப்படியோ நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றன. குட்டி என்பது அவர்களுடைய ஒரே மகள்.

ஊர்க்கோடியில் ஒரு பராமரிப்பு இல்லம் இருந்தது. அண்ணியை அங்கே சேர்த்தார்கள். தினமும் ஒரு பயிற்சியாளர் வந்து கையைக் காலை அசைக்க வைப்பார். கொஞ்சம் கொஞ்சமாக அண்ணி எழுந்து உட்கார்ந்தார். இடது கையால் ஸ்பூனைப் பிடித்து வாய்வரை கொண்டுபோனார். பாதி வழியில் சிந்தும், ஆனாலும் கொண்டுபோனார். "இன்னும் ஆறு மாசம் விடாம செஞ்சா கைத்தடி பிடிச்சு நடக்க வெச்சிடலாம்" என்று பயிற்சியாளர் சொன்னதைப் பிரேக் அண்ணன் வேலை பார்க்கிற கட்டடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவர் வாயாடி நான் பார்த்தது அந்தச் சில வாரங்களில்தான்.

அந்த இல்லத்துக்குக் கட்டணம் ஆறு மாசத்துக்கு ஒரு தரம். வேறு ஊரில் இருக்கிற அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அண்ணி ஓய்வு பெறும்போது கிடைத்த பணம் இருவர் பேரிலும் சேர்ந்த ஒரு கணக்கில் இருந்தது. அதிலிருந்துதான் கட்டுவார்கள்.

மகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் நிலைக்காமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். வந்ததும் மூலையில் உட்கார்ந்து அழாமல், நகம் திருத்திப் பூச்சுப் போடுகிற வேலையைக் கற்றுக்கொண்டு ஓர் அழகு நிலையத்தில் சேர்ந்தாள். கை நிறைய வாடிக்கைக்காரிகள். சொந்தமாக ஒரு சின்னக் கடை போட வேண்டும் என்று சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு முடியாமல் போன பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அவளால்தான்.

கட்டணம் கட்ட வேண்டிய சமயம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இல்லத்துக்குச் செக் எழுதினார். ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த சாதாரண பால்பாயிண்ட் பேனா.

"நம்பரைக் குடுங்கப்பா, போன்லயே அனுப்பிடறேன். ஒரு நிமிஷ வேலை" என்றாள் மகள்.

"போன்ல போற பணம் எந்த வழியா போகுதுன்னு யாருக்குத் தெரியும்? இது காகிதம். கண்ணுக்குத் தெரியுது."

"காகிதமும் தபால்காரர் பையிலதானப்பா போகுது."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அவர் உறையை ஒட்டிக்கொண்டு கீழே இறங்கி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டார். அன்றைய தபாலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. மறுநாள் விடுமுறை. அதனால் என்ன, உள்ளேதானே கிடக்கப்போகிறது என்று நினைத்தாராம். உறை விழுந்துவிட்டதா என்று பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். அவர் குணம் அது.

சில வாரம் கழித்து இல்லத்தின் மேலாளர் போன் செய்தார். "உங்க பணம் இன்னும் வரலைங்களே."

"அனுப்பிட்டேங்க."

"தபால்ல தாமதமா இருக்கும். பாப்போம்."

பார்த்தார்கள். இரண்டாவது தடவை மேலாளர் கூப்பிட்டபோது குரலில் அந்தப் ‘பாப்போம்’ இல்லை. அண்ணன் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு பேங்க்குக்குப் போனார்.

அங்கே இருந்த அதிகாரி சின்ன வயது அம்மாள். கணக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "செக் பாஸாகி பணம் போயிருக்கே சார்" என்று திரையை அவர் பக்கம் திருப்பினார். செக்கின் படம். இல்லத்தின் பேர் எழுதிய இடத்தில் அவர் ஆயுளில் கேள்விப்படாத எவனோ ஒருவன் பேர். தேதி வேறு. தொகை அவர் எழுதியதைப் போலப் பல மடங்கு. கணக்கில் இருந்ததைக் கிட்டத்தட்ட வழித்து எடுத்திருந்தது.

"இது என் எழுத்து இல்லை மேடம்."

"கையெழுத்து?"

அவர் குனிந்து பார்த்தார். கடைசி எழுத்தின் வால் வழக்கம்போலக் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. "அது மட்டும் என்னோடது."

"அதான் சார் சிக்கலே. தபாலைத் திருடி செக்கை எடுக்கறாங்க. கையெழுத்தை மட்டும் விட்டுட்டு மத்த மையை எல்லாம் அழிச்சிடறாங்க. பெரிய வித்தை எல்லாம் வேண்டாம். நகப் பூச்சை அழிக்கிற தண்ணி இருக்கில்லை, அது போதும். அப்புறம் அவங்க இஷ்டத்துக்கு எழுதிக்க வேண்டியதுதான்."

அண்ணன் திரையில் அந்தத் தொகையின் மேல் விரலை வைத்தார். பிறகு கேட்டார்: "கணக்குல இவ்வளவு இருக்குன்னு அவனுக்கு எப்படி மேடம் தெரியும்?"

"தெரிஞ்சவங்க யாராவது இருக்கலாம். இல்லைன்னா குத்துமதிப்பா ஒரு தொகை போட்டுப் பாத்திருப்பாங்க."

அந்த அம்மாள் இரண்டு பதில் சொன்னார். அண்ணன் காதில் விழுந்தது முதலாவதுதான்.

கிளம்பும்போது அந்த அம்மாள் ஒரு துண்டுத்தாளை எடுத்துக் கொடுத்தார். அழியாத ஜெல் மை பேனாவால் எழுதுங்கள், செக்கைத் தெருப்பெட்டியில் போடாமல் தபால் நிலையத்துக்குள்ளே கொண்டுபோய்க் கொடுங்கள், கணக்கு விவரத்தை மாதா மாதம் பாருங்கள், பணம் போனால் உடனே தகவல் வரும்படி உங்கள் போன் நம்பரைப் பதிந்துவையுங்கள் என்று அதில் அச்சடித்திருந்தது.

"இதை முன்னாடியே குடுத்திருக்கலாமே மேடம்."

"வாசல் மேஜையிலதான் சார் அடுக்கி வெச்சிருக்கோம். யாரும் எடுக்கறதில்லை." அந்த அம்மாள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னாராம். கூடவே இன்னொன்றும் சொன்னார். "உங்களுக்கும் மெசேஜ் வந்திருக்குமே சார். இந்தக் கணக்குக்கு ஒரு நம்பர் குடுத்திருக்கீங்களே."

அது அண்ணியின் நம்பர். அண்ணி விழுந்த நாளிலிருந்து அந்தப் போன் அணைந்துபோய் மேஜை டிராயருக்குள் கிடந்தது. வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டுத் திறந்தார். ஆஸ்பத்திரித் தோழிகளின் விசாரிப்புகள், கடைகளின் விளம்பரம், அவற்றுக்கு நடுவில் பேங்க்கின் மெசேஜ். பணம் போன அன்றைக்கே வந்திருந்தது. ‘இது நீங்கள் செய்தது இல்லையென்றால் உடனே அழைக்கவும்.’ அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்றே தனக்குத் தெரியவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

நிமிர்ந்தபோது எதிர் அலமாரி கண்ணில் பட்டது. மகள் வீட்டிலும் சிலருக்கு நகம் திருத்துவாள். அதற்கான சாமான்கள். பூச்சுக் குப்பிகள், பஞ்சு, அழிக்கிற தண்ணீர் நிறைந்த பெரிய பாட்டில். அதன் பக்கத்தில், போர்வை போட்டு மூடி, அழகு நிலையங்களில் இருக்கிற மாதிரி ஏற்றி இறக்கும் நாற்காலி ஒன்று. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது, கடை போட்டால் ஆகும் என்று மகள் வாங்கி வைத்திருந்தாள். அது வந்து சேர்ந்ததும், பணம் போனதும் ஒரே வாரம்.

அவர் மகளிடம் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். கணக்கில் யாரோ திருடிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார். அவள் பதறிப்போய், இல்லத்துக்கு இப்போதைக்குக் கொடுக்கத் தன் சேமிப்பை எடுத்துத் தருகிறேன் என்றாள். "உன்கிட்ட எவ்வளவும்மா இருக்கு?" என்று கேட்டார். அவள் தொகையைச் சொன்னாள். அது அவர் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது. அதையும் அவர் மனசு தப்புக் கணக்கிலேயே எழுதிக்கொண்டது. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த நாட்களில் ஒருநாள் மோட்டார் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "பார்லர்ல போடற நாற்காலி, பழசுன்னா என்ன விலை இருக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "ஏண்ணே, வயசான காலத்துல தொழிலை மாத்தப்போறீங்களா?" என்று கிண்டல் செய்தேன். அவர் டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்ப் பிரேக்கைப் பார்க்க ஆரம்பித்தார்.

போலீஸில் எழுதிக் கொடுத்தால்தான் மேற்கொண்டு பார்க்க முடியும் என்று பேங்க்கில் சொன்னார்கள். துணைக்கு நானும் போனேன். எழுதுகிற போலீஸ்காரர் நல்ல மாதிரிதான். டீ குடித்துக்கொண்டே கேட்டார்.

"வீட்ல யாரு யாரு பெரியவரே?"

"நானும் என் பொண்ணும் சார். சம்சாரம் இல்லத்துல இருக்காங்க."

"பொண்ணு என்ன பண்ணுது?"

"பார்லர்ல வேலை சார்."

"பார்லர்ல என்ன வேலை?"

"நகப் பூச்சு."

போலீஸ்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "செக் எழுதுறப்ப அது கூட இருந்துச்சா?"

"இருந்தா சார். போன்ல அனுப்பிடறேன், நம்பரைக் குடுங்கன்னு கேட்டா."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அண்ணன் கை இரண்டையும் தொடைமேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அன்றைக்கு அவர் நாற்காலி விலை கேட்டது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "சார், அந்தப் பொண்ணு அப்படிப்பட்டது இல்லை சார்" என்றேன்.

"நீங்க யாரு?"

"கூட வேலை பாக்கறவன்."

"நான் உங்களைக் கேக்கலை. பெரியவரே, நீங்க சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலை சார்" என்றார் அண்ணன்.

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "என்னண்ணே இது? உள்ள போய் இல்லைன்னு சொல்லிட்டு வாங்க."

"நான் யாரையும் காட்டிக் குடுக்கலையே. கேட்டதுக்குப் பதில் சொன்னேன். விசாரிக்கட்டும். அவ மேல தப்பு இல்லைன்னா இல்லைன்னு ஆயிடும். பாத்துட்டா நல்லதுதானே."

லிஃப்ட்டுக்கு அது சரி. பெற்ற பெண்ணுக்கு எப்படிச் சரியாகும்?

மறுநாள் இரண்டு பெண் போலீஸ் மகள் வேலை செய்த அழகு நிலையத்துக்குப் போனார்கள். ஒரு வாடிக்கைக்காரியின் விரல்கள் அவள் கையில் இருந்தபோது பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் மேஜையில் இருந்த பாட்டில்களை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். போனை வாங்கிப் பார்த்தார்கள். நாற்காலி வாங்கிய ரசீது எங்கே, சேமிப்பு எங்கிருந்து வந்தது, பிரிந்துபோன புருஷனோடு இன்னும் பேச்சு உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். நாலு சுவருக்கும் கண்ணாடி பதித்த இடம் அது. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் கடை முதலாளியம்மா தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்மா. நானே சொல்லி அனுப்பறேன்" என்றார். சொல்லி அனுப்பவே இல்லை.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"போலீஸ்ல கேட்டப்ப என்னப்பா சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா."

"அதைத்தான் அவங்களும் சொன்னாங்க. உங்கப்பா ஒண்ணும் சொல்லலைன்னு."

அவள் அழவில்லை, கத்தவில்லை. துணிகளை எடுத்துப் பைக்குள் அடுக்கினாள். அண்ணிக்கு எந்த மாத்திரை வாங்கி இல்லத்தில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் அவரிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, தோழி ஒருத்தியின் அறைக்குப் போய்விட்டாள். நாற்காலி அங்கேயே கிடந்தது. சில நாள் கழித்துப் பழைய சாமான்காரனே வந்து பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான்.

பேங்க்கிலிருந்து பதில் வந்தது. கையெழுத்து உங்களுடையது, தகவல் அனுப்பியிருக்கிறோம், குறித்த காலத்துக்குள் நீங்கள் சொல்லவில்லை, ஆகவே எங்கள் பொறுப்பு இல்லை. இன்னும் மேலே எழுதிப் பார்க்கலாம் என்று யாரோ சொன்னார்கள். எழுதினார். அதற்கும் அதே பதிலை வேறு வார்த்தைகளில் அனுப்பினார்கள். இல்லத்தில் அவர்களால் முடிந்தவரை பொறுத்தார்கள். பிறகு அண்ணியை அழைத்துப் போகச் சொன்னார்கள்.

ஊரில் உள்ளவர்களை எல்லாம் மேலே ஏற்றி இறக்குவது எங்கள் தொழில். அன்றைக்கு அண்ணியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்போடு துணியால் கட்டி, கம்பெனி ஆட்கள் நாலு பேர் மூன்று மாடி தூக்கினோம். படி குறுகல். திருப்பத்தில் நாற்காலியின் கால் சுவரில் இடித்தது. "போதும்" என்றார் அண்ணி. நின்று மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தூக்கினோம். வீட்டுக்குள் வைத்ததும் அவர் தலையை மெல்லத் திருப்பி, சமையலறைப் பக்கம், அறைப் பக்கம் எல்லாம் பார்த்தார். "குட்டி" என்றார்.

"வேலைக்குப் போயிருக்கா" என்றார் அண்ணன்.

அண்ணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் ஒவ்வொருவராகக் கழன்று கீழே இறங்கிவிட்டோம்.

பகலில் அண்ணியைக் கீழ் வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டார். சில மாசம் கழித்து, பக்கத்து ஊரில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். எலி ஒட்டும் பசையைத் தடவிய அட்டையைக் கயிற்றில் கட்டித் தபால் பெட்டிக்குள் இறக்கி, உறைகளை ஒட்டி ஒட்டி மேலே இழுத்திருக்கிறார்கள். விடுமுறைக்கு முந்தின சாயங்காலம்தான் பெட்டி நிறைந்திருக்கும் என்று அதே நாளாகப் பார்த்து வருவார்களாம். அகப்பட்ட செக் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தொகையை எழுதிப் போட்டிருக்கிறார்கள். கணக்கில் பணம் போதாமல் முக்கால்வாசி திரும்பி வந்துவிட்டது. அண்ணனுடையது போல ஒன்றிரண்டுதான் பாஸானது. கணக்கில் எவ்வளவு இருந்தது என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. இல்லத்தின் முகவரி எழுதிய அந்த உறை, கிழிந்தபடி, அவர்கள் அறையில் ஒரு சாக்குப் பைக்குள் கிடைத்தது.

"உங்க பொண்ணு மேல ஒண்ணும் இல்லை பெரியவரே, முடிச்சாச்சு" என்றார் அதே போலீஸ்காரர். நல்ல சேதி சொல்கிற குரலில்தான் சொன்னார்.

அன்றைக்கே மகளைப் பார்க்கப் போனார். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். அவள் அப்போது ஒரு துணிக்கடையின் கிடங்கில் விலைச்சீட்டு ஒட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கிடங்கு வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். பசை, கயிறு, சாக்குப் பை, உறை. அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "இது உங்களுக்குத்தான்பா புதுசு. நான் எடுக்கலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமே" என்றாளாம்.

"அப்பா தப்புப் பண்ணிட்டேம்மா."

"சரிப்பா. உள்ள கூப்பிடறாங்க."

பிறகு நான் போய்ப் பேசிப் பார்த்தேன். என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். வாங்க என்று உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தாள்.

"அவருக்கு அண்ணியை நினைச்சுக் கலக்கம்மா. புத்தி கொஞ்சம் தடுமாறிப்போச்சு."

"புரியுது சித்தப்பா. எனக்கு அவர் மேல கோபம் எல்லாம் இல்லை. கோபம்னா ஒருநாள் ஆறிடும். போலீஸ் வந்து நின்னப்ப எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாவுக்குப் போன் பண்ணினா ஓடி வந்துடுவார்னு தோணுச்சு. அந்தப் பொம்பளை போலீஸ்தான் சொன்னாங்க, அவர் எழுதிக் குடுத்துதான் வந்திருக்கோம்னு." டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். "இனிமே அவர் எதிர்ல உக்காந்து ஒரு வாய் சாப்பிட முடியுமான்னு தெரியலை. அம்மாவை நான் பாத்துக்கறேன். அவர் இல்லாதப்ப வந்துட்டுப் போறேன்."

அப்படித்தான் நடந்தது. கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட்டை வாங்கிக்கொண்டு, அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு வருவாள். கீழ் வீட்டில் ஒரு சாவி இருந்தது. அம்மாவைக் குளிப்பாட்டி, தலைவாரி, ஊட்டிவிட்டு, அவர் வருவதற்குள் போய்விடுவாள். சாயங்காலம் அவர் வந்தால் அடுப்பில் மூடி வைத்த பாத்திரம் சூடாக இருக்கும். சில நாள் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அப்போதும் வீட்டுக்குப் போகாமல் தபால் நிலையத்தின் வாசலில் உட்கார்ந்திருப்பார். "நான் போனா அவளால நிம்மதியா அம்மாகூட இருக்க முடியாது" என்பார். அங்கே யாராவது உறையோடு வந்து வெளிப்பெட்டியில் கைவைத்தால், "உள்ள கொண்டுபோய்க் குடுத்துடுங்க. பால்பாயிண்ட்ல எழுதாதீங்க" என்று சொல்வார். சிலர் சரி என்பார்கள். சிலர் கிறுக்கு என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். ஒரு பையன், "இப்பல்லாம் யாரு சார் செக் எழுதறா?" என்று கேட்டுவிட்டுப் போனானாம்.

பயிற்சி நின்றுபோனதால் அண்ணியின் உடம்பு மறுபடி கட்டிக்கொண்டுவிட்டது. வலது கை மடங்கி விரியவே இல்லை. உட்காரவைத்தால் ஒரு பக்கமாகச் சரிந்தார். படுத்தே கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. படுக்கை விரிப்பின் ஓரத்தில் இருந்த தையலை இடது விரலால் தடவிக்கொண்டே கிடந்தார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

மகள் எல்லாம் செய்தாள். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், ஆஸ்பத்திரிக் கணக்கை முடித்தாள், அப்பாவுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வைத்தாள். அவரோடு பேசினாள்கூட. "துண்டு எங்க இருக்கு", "டாக்டர் சீட்டைக் குடுங்க" என்கிற மாதிரிப் பேச்சு. எல்லாம் முடிந்து வீட்டைத் துடைத்துக் கழுவிவிட்டு, கீழ் வீட்டில் இருந்த சாவியை வாங்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். அண்ணன் அந்தச் சாவியைப் பார்த்தார். அவர் இல்லாத நேரம் பார்த்து வந்துபோக இனி அவளுக்கு அந்த வீட்டில் ஒரு வேலையும் இல்லை. அது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். எழுந்து வாசல்வரை வந்தார். அவள் வாசலில் ஒரு கணம் தயங்கினாள். "உடம்பைப் பாத்துக்கங்கப்பா" என்றுவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த வருஷம், பிடிபட்டவர்களிடம் மீட்டதில் ஒரு பகுதியைக் கோர்ட் மூலமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அண்ணன் அன்று என்னோடு வேலையில் இருந்தார். மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்து மகளுக்குப் போன் போட்டார். நான் உள்ளே கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அவர் வழக்கம், காது மந்தமாகிவிட்டது.

"அம்மா பணத்துல கொஞ்சம் வந்திருக்கும்மா."

"அப்படியா."

"உனக்கு அனுப்பிடறேன். கடை போடணும்னு சொல்லிட்டிருந்தியே."

"அதெல்லாம் விட்டுட்டேன்பா. கை பழக்கமே போயிடுச்சு. நீங்க வெச்சுக்கங்க."

"எனக்கு எதுக்கும்மா?"

அந்தப் பக்கம் யாரோ பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது.

"சாப்பிட்டியாம்மா?"

"ம். வெச்சிடறேன்பா, வேலை இருக்கு."

போன் அணைந்த பிறகும் அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பிரேக்கைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "நீ பாத்துட்டா சரிதான்" என்றார். அன்றைக்கு அவர் ஒரு தடவைகூட எழுந்து வந்து பார்க்கவில்லை.